கட்டடம் திறந்தாச்சு... ராத்திரி 2 மணிக்கு ஐசியூவுக்கு யார் பொறுப்பு?



ஜிஎஸ்டி ரோட்டிலேயே பாதி வாழ்க்கையைக் கழிக்கிறவங்க நாம. பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி... சைரன் போட்டுட்டு வர்ற நூத்தியெட்டுக்கு வண்டியை ஓரம் கட்டாத நாள் உண்டா? உள்ளே படுத்திருக்கிறவர் யாரோ ஒருத்தர்னு நினைச்சுட்டு அடுத்த சிக்னலுக்குப் போயிடுறோம். ஒருநாள் அந்த வண்டிக்குப் பின்னாடியே நம்ம டூ வீலரும் ஓட வேண்டியிருக்கும். அப்போதான் ஐசியூ கதவுக்கு வெளியே தரையில் துண்டை விரிச்சு உட்காருவோம். அந்தக் கதவுக்கு உள்ளே என்ன நடக்குது, யார் நடத்துறாங்க? இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

2021 மே 4, செவ்வாய்க்கிழமை இரவு.

தேர்தல் முடிவு வந்து ரெண்டே நாள். பழைய ஆட்சி போயாச்சு. புது முதலமைச்சர் மே 7-ம் தேதிதான் பதவியேற்கிறார். கொரோனா ரெண்டாவது அலை ஏறிக்கிட்டே இருக்கு. நம்ம மாவட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரியான செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அந்த ஒரே இரவில் 13 நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். "ஆக்சிஜன் வரல" என்று உறவினர்கள் கதறினார்கள். "ஆக்சிஜன் தட்டுப்பாடு கிடையாது" என்று அதிகாரிகள் சொன்னார்கள். அடுத்த நாள் தொலைக்காட்சி முழுக்க இதே விவாதம். தட்டுப்பாடு இருந்ததா, இல்லையா?

அந்த இரவின் மருத்துவக் காரணத்துக்கு நாம் தீர்ப்பு எழுத வரவில்லை. ஆனா அந்த விவாதமே தப்பான இடத்தில் நின்னுச்சுன்னு சொல்றோம். ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க.

ஹை ஃப்ளோ கருவியில் இருக்கும் ஒரு நோயாளிக்கு, முழு வேகத்தில் வைத்தால் நிமிடத்துக்கு 60 லிட்டர் ஆக்சிஜன் வேணும். தோளில் தூக்க முடியாம உருட்டிட்டு வர்றாங்களே, அந்தப் பெரிய சிலிண்டரில் இருப்பது சுமார் 7,000 லிட்டர். ஒரே ஒரு நோயாளிக்கு அது 2 மணி நேரம்கூட வராது. அதே மாதிரி 20 பேர் இருந்தால் ஒரு சிலிண்டர் 6 நிமிஷத்தில் காலி. அவசரத்துக்குன்னு ஓரமா நிறுத்தி வைத்த 10 சிலிண்டரும் சேர்ந்து ஒரு மணி நேரம் தாங்காது.

வெளியே நிற்கும் பெரிய தொட்டியில் திரவ ஆக்சிஜன் இருக்கும். ஒரு லிட்டர் திரவம் விரிந்தால் சுமார் 860 லிட்டர் வாயு. அது ஆவியாகி, குழாயில் ஏறி, ஒவ்வொரு மாடிக்கும் போய், கடைசிக் கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் முனைக்குப் போதுமான அழுத்தத்தோடு வந்து சேரணும். தொட்டியில் இருப்பு இருக்கலாம். ஆனா எல்லாக் கட்டிலும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது கடைசிக் கட்டிலுக்கு அழுத்தம் குறையலாம். நம்ம வீட்டில் மோட்டார் போட்டதும் மாடி வீட்டுக் குழாயில் தண்ணி நூலா வருதே, அந்த மாதிரி. தண்ணித் தொட்டி காலியா என்ன? இல்லையே! மாடி வீட்டுக்காரருக்குத் தண்ணி வந்துச்சா?

அதனால "ஸ்டாக் இருந்தது" என்பது ஒரு குடோன் பொறுப்பாளர் சொல்ற பதில். ஐசியூவை நடத்துற தலைமை சொல்ல வேண்டிய பதில் வேற. ராத்திரி 10 மணிக்கு அழுத்தம் எவ்வளவு? 11 மணிக்கு எவ்வளவு? அதைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டியவர் யார்? குறைஞ்சா அவர் யாருக்கு போன் போடணும்? அந்த போனை எடுக்கிறவருக்கு, 'இனி புது நோயாளி வேண்டாம், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க' என்று முடிவெடுக்க அதிகாரம் இருக்கா, இல்ல காலையில் டீன் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா? இந்தக் கேள்விகளைத்தான் அன்னைக்கு மைக் பிடிச்சவங்க கேட்டிருக்கணும்.

செங்கல்பட்டு தனிச் சம்பவம் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளம் நமக்கு மறக்குமா? முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய அதே நாட்களில் மணப்பாக்கத்தில் அடையாற்றங்கரையில் இருக்கும் மியாட் மருத்துவமனைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. மின்சாரம் போச்சு, ஜெனரேட்டரும் போச்சு. தீவிர சிகிச்சையில் இருந்த 18 பேர் இறந்தார்கள், 57 பேர் வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டார்கள் என்று அப்போது அரசுத் தரப்பிலேயே கணக்கு சொன்னார்கள். எல்லோரும் ஏற்கெனவே கவலைக்கிடமாக இருந்தவர்கள், எல்லா மரணத்துக்கும் மின்தடை காரணமில்லை என்றும் சொன்னார்கள். இருக்கலாம். ஐசியூவில் இருக்கிற யார்தான் கவலைக்கிடமாக இல்லை? கவலைக்கிடமாக இருக்கிறதாலதானே ஐசியூ!

2019 மே 7, மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனை. மழை, மின்தடை. வென்டிலேட்டரில் இருந்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள், மொத்தம் 5 பேர். அங்கேயும் அதே பதில்தான் வந்தது: மின்தடை காரணமில்லை.

வெள்ளம், மின்தடை, தொற்று. ஒன்று தனியார், ரெண்டு அரசு. காரணம் வேற வேற, பதில் மட்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. "இயந்திரம் நல்லா இருந்துச்சு, நோயாளிதான் மோசமா இருந்தார்."

இந்தப் பதிலை ஏற்கக் கூடாதுன்னு ஏன் சொல்றோம்? ஐசியூ என்ற ஒன்று எப்படிப் பிறந்ததுன்னு தெரிஞ்சா புரியும். 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளை நோய். மூச்சுத் தசை செயலிழந்த பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஊரிலேயே பெரிய தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவி விரல் விட்டு எண்ணும் அளவுதான். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் ஒரு வழி சொன்னார். தொண்டையில் துளை போட்டு ஒரு ரப்பர் பையைப் பொருத்தி, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கலாம். யார் அமுக்குவது? சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு, ராத்திரி பகலா, வாரக்கணக்கில் உட்கார்ந்து அமுக்கினார்கள். செத்துப் போவார்கள் என்று கைவிடப்பட்ட பிள்ளைகளில் ஏராளமானோர் பிழைத்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே ஊரில் இப்சன் தனி வார்டு தொடங்கினார். உலகத்தின் முதல் ஐசியூ என்று பலர் சொல்வது அதைத்தான்.

கவனிங்க. அங்கே இயந்திரம் இல்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஆள் இருந்தார், யார் எப்போ வரணும்னு ஒரு பட்டியல் இருந்தது, எல்லாத்துக்கும் மேல முடிவெடுக்க ஒருத்தர் இருந்தார். ஐசியூன்னா அதுதான். பிறகு வந்ததெல்லாம் உதவிக்கு வந்தது.

நம்ம ஊர்ல அதை அப்படியே தலைகீழாக்கி வெச்சிருக்கோம். ரிப்பன் வெட்டும்போது எண்ணிச் சொல்றாங்க: இத்தனை படுக்கை, இத்தனை வென்டிலேட்டர், இத்தனை மானிட்டர். ஆள் எத்தனைன்னு எந்த மேடையிலாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

தாம்பரம் ஜி.எச். குரோம்பேட்டையில்தான் இருக்குன்னு நமக்குத் தெரியும், வெளியூர்க்காரங்க பாவம் தாம்பரத்தில் இறங்கித் தேடுவாங்க. அங்கே 400 படுக்கையோடு மாவட்டத் தலைமை மருத்துவமனைக் கட்டடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல விஷயம். வரவேற்கிறோம், அதில் நமக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 5 நகராட்சியையும் 5 பேரூராட்சியையும் ஒண்ணா சேர்த்து 2021 நவம்பரில் மாநகராட்சி ஆக்கின ஊருக்கு அது முன்னாடியே வந்திருக்கணும். கட்டடத்தைப் பற்றி நமக்குக் கேள்வி இல்லை. அந்தக் கட்டடத்தில் ராத்திரி 2 மணிக்கு விளக்கு எரியும் மாடியைப் பற்றித்தான் கேள்வி.

வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர். இது நம்ம கட்சி கண்டுபிடித்த விதி இல்லை, தீவிர சிகிச்சைத் துறையே ஏற்றுக்கொண்ட அளவுகோல். ஏன் ஒருத்தருக்கு ஒருத்தர்? ஒரு சிஸ்டர் ராத்திரியில் என்ன செய்கிறார்னு பக்கத்தில் நின்னு பாருங்க. மணிக்கொரு தரம் சிறுநீர் அளவு எழுதணும். தொண்டைக் குழாயில் சளி கட்டினால் உறிஞ்சி எடுக்கணும், இல்லேன்னா அடைச்சுக்கும். படுக்கைப் புண் வராம ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைத் திருப்பிப் போடணும், தனியா முடியாது, இன்னொருத்தர் வேணும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிற மருந்து சிரிஞ்ச் பம்ப்பில் சொட்டுச் சொட்டா போகும். அது தீர்றதுக்கு முன்னாடி அடுத்த சிரிஞ்ச் தயாரா இருக்கணும். நடுவில் ரெண்டு நிமிஷம் விட்டால் அழுத்தம் சரிஞ்சிடும். இப்போ சொல்லுங்க, இதையெல்லாம் ஒரு சிஸ்டர் நாலு கட்டிலுக்கு எப்படிச் செய்வார்? மூணாவது கட்டிலில் அலாரம் அடிக்கும்போது ஒண்ணாவது கட்டிலில் சிரிஞ்ச் தீருது. எந்தப் பக்கம் ஓடுவார்?

ஒரு கட்டிலுக்கு 24 மணி நேரமும், வாரம் 7 நாளும் ஒருத்தர் இருக்கணும்னா வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு செவிலியர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால் மூன்றரை ஆள். லீவு, காய்ச்சல், பிரசவ விடுப்பு எல்லாம் சேர்த்தால் நாலரை, அஞ்சு. அப்போ 10 வென்டிலேட்டர் படுக்கைக்கு 45 முதல் 50 செவிலியர். பத்து வென்டிலேட்டர் வாங்கியாச்சுன்னு விளம்பரம் போடுறப்போ அந்த 50 பேருக்கு நிரந்தரப் பணியிடம் போட்டாச்சான்னு யாரும் எழுதுறதில்லை.

எழுத மாட்டாங்க. ஏன்னா அந்தச் செவிலியர்களை எப்படி நடத்துனாங்கன்னு எழுத வேண்டியிருக்கும்.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியா, தேர்வு எழுதி, தேர்ச்சி பெற்று வந்தவர்கள் இவர்கள். 2015-ல் வேலைக்கு எடுத்தபோது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ரெண்டு வருஷத்தில் நிரந்தரம்னு சொன்னார்கள். 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அது ஒரு ஆட்சி. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டு, பிபிஇ உடையில் வெந்து வேலை பார்த்த ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஓடு நீட்டிக்கப்படாமல் முடிந்தது. அது அடுத்த ஆட்சி. தொற்று உச்சத்தில் இருந்தப்போ அவங்கதான் தேவதைகள். அலை வடிஞ்சதும் "நன்றி, வணக்கம்".

2025 டிசம்பர். அதே செவிலியர்கள், அதே கோரிக்கை. சிவானந்தா சாலையில் போராடியவர்களைக் கைது செய்து, வண்டியில் ஏற்றி, எங்கே கொண்டுவந்து விட்டார்கள்? நம்ம கிளாம்பாக்கத்தில்! பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டால் அப்படியே ஊருக்குப் பஸ் ஏறிடுவாங்கன்னு கணக்கு. அவங்க ஏறலை. அங்கேயே உட்கார்ந்தாங்க. நம்ம மாவட்ட ஐசியூக்களில் ராத்திரி கண் முழிக்க வேண்டிய கைகள், நம்ம மாவட்டப் பேருந்து நிலையத் தரையில் கண் முழிச்சது. அந்தக் காட்சியைப் பார்த்த பிறகும் "எங்கள் மருத்துவக் கட்டமைப்பு இந்தியாவுக்கே வழிகாட்டி" என்று பேச ஒரு தனித் துணிச்சல் வேணும்.

வழிகாட்டிதான், மறுக்கலை. நூத்தியெட்டு இருக்கு, காப்பீட்டுத் திட்டம் இருக்கு. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் அரசே செலவை ஏற்கும் திட்டத்தை 2021 டிசம்பரில் நம்ம மேல்மருவத்தூரில்தான் தொடங்கினாங்க. நல்ல திட்டத்தை நல்ல திட்டம்னு சொல்ல நமக்கு வாய் வலிக்காது. ஆனா அந்த 48 மணி நேரத்தையும் நகர்த்துவது யாருடைய கை? அந்தக் கைக்கு வேலை நிரந்தரம் இல்லை.

அடுத்து, தலைமை.

நம்ம பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரு பழக்கம். ஒரே ஐசியூவில் ஒரு நோயாளி மெடிசின் யூனிட், அடுத்தவர் சர்ஜரி யூனிட், அதற்கடுத்தவர் நரம்பியல். ஒவ்வொரு யூனிட்டின் பெரிய டாக்டரும் காலையில் ரவுண்ட்ஸ் வந்து, எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவார். மிச்ச நேரம் முழுக்க அங்கே இருப்பது யார்? பி.ஜி. படிக்கிற டாக்டர், சில சமயம் 24 மணி நேரம் தாண்டியும் டியூட்டியில் நிற்கிறவர். ராத்திரி ஒரே ஒரு படுக்கை காலி, ரெண்டு பேர் வந்து நிற்கிறாங்க. யாரை உள்ளே எடுக்கிறது, யாரை வார்டுக்கு மாத்துறது? அந்த முடிவை எடுக்க அந்த 26 வயசுப் பிள்ளைக்கு அதிகாரம் கிடையாது. ஆனா தப்பாப் போனால் திட்டு வாங்குறது அவர்தான்.

தீவிர சிகிச்சையையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒரு மருத்துவர் ஐசியூவுக்குப் பொறுப்பு ஏற்கணும். சேர்க்கிறது, அனுப்புறது, மருந்து, படுக்கை, எல்லாத்துக்கும் கடைசி வார்த்தை அவருடையது. அவருக்குச் சமமாக ஒரு செவிலியர் பொறுப்பாளர். ஷிப்டுக்கு ஒரு டெக்னீஷியன். ஜெனரேட்டரையும் ஆக்சிஜன் குழாயையும் பார்க்கிற பொறியாளர் 'காலையில் வர்றேன்' என்று சொல்ல முடியாத டியூட்டி பட்டியல். இது ஒண்ணும் ராக்கெட் விடுற வேலை இல்லையே.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் ஒரு வேலை செய்தார்கள். கழுத்து ரத்தக்குழாயில் ஊசிக் குழாய் போடும்போது வரும் கிருமித் தொற்றைக் குறைக்க அஞ்சு விஷயம் கொண்ட ஒரு தாள். கை கழுவு, மருந்து போட்டுத் துடை, முழு உடை போடு, தொடையில் போடுவதைத் தவிர், தேவையில்லாத குழாயைக் கழற்று. அவ்வளவுதான். இதன் முடிவு 2006-ல் வெளியானது. தொற்று மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தது. அந்தத் தாள் மட்டும் இதைச் செய்யலை. டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால், 'நிறுத்துங்க சார்' என்று சொல்ல நர்ஸுக்கு நிர்வாகமே அதிகாரம் கொடுத்தது. அங்கதான் சூட்சுமம்.

இங்கே? தொகுப்பூதியத்தில், அடுத்த மாசம் ஒப்பந்தம் நீளுமான்னு தெரியாம நிற்கிற ஒரு சிஸ்டர், யூனிட் சீஃபைப் பார்த்து "சார், கை கழுவலை" என்று சொல்வாரா? சொன்னால் அடுத்த நாள் எந்த வார்டில் இருப்பார்? வேலை நிரந்தரம் என்பது செவிலியரின் வயிற்றுப்பாட்டுக் கோரிக்கை மட்டும் இல்லை, தோழர்களே. கட்டிலில் மயங்கிக் கிடக்கிற உங்க அம்மாவுக்காக ஒருத்தர் வாய் திறந்து பேசணும்னா அவருக்குப் பயம் இருக்கக் கூடாது.

"பணம் எங்கே?" என்று கேட்பார்கள். வென்டிலேட்டர் வாங்கப் பணம் வந்துச்சே, அதே இடத்திலிருந்து வரட்டும். ஆள் இல்லாத வென்டிலேட்டர் மூலையில் பிளாஸ்டிக் உறை போட்டு நிற்கும், அதுதான் பெரிய வீண் செலவு. "முடியலேன்னா தனியார்ல காப்பீட்டு அட்டையில் பாருங்க" என்று இன்னொரு பதில் வரும். தனியார் ஐசியூவில் ஒரு வாரம் இருந்துட்டு வந்த எந்தக் குடும்பத்தையாவது கேளுங்க, அட்டை எத்தனையாவது நாளில் தீர்ந்துச்சு, நகை எந்த நாளில் அடகுக்குப் போச்சுன்னு சொல்லுவாங்க. நோயாளியோ குடும்பமோ மறுத்தால் ஐசியூவில் சேர்க்கக் கூடாதுன்னு ஒன்றிய சுகாதார அமைச்சகமே 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. அப்படி ஒண்ணு இருக்குன்னு எந்த ரிசப்ஷனில் ஒட்டி வெச்சிருக்காங்க?

நம்ம ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. கோபிச்சுக்காதீங்க. ஒரு மரணம் நடந்தால் கூட்டமா போய்க் கண்ணாடியை உடைக்கிறதும் டியூட்டி டாக்டர் சட்டையைப் பிடிக்கிறதும் அரசியல் இல்லை. 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், பணியில் இருந்த மருத்துவர் ஒருவரைக் கத்தியால் குத்தினார்கள். குத்துப்பட்டவர் தமிழ்நாட்டின் சுகாதாரத் துறையை நடத்துறவர் இல்லை, வேலை பார்த்துக்கிட்டிருந்தவர். ஐசியூ வாசலில் மூணு நாள் உட்கார்ந்திருக்கிற குடும்பத்துக்கு, தினமும் ஒரே நேரத்தில், ஒரே டாக்டர் வந்து, புரியிற தமிழில் பத்து நிமிஷம் பேசினால் பாதி கோபம் அங்கேயே அடங்கும். அந்தப் பத்து நிமிஷத்தை டியூட்டியில் எழுதி வைப்பதும் தலைமையின் வேலைதான். அதைக் கேட்டுப் போராடுங்க, கண்ணாடியை விட்டுடுங்க.

சரி, இப்போ என்ன செய்யணும்? ஷேர் மட்டும் பண்ணிட்டுப் போயிடாதீங்க.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1). ஒரு வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். குரோம்பேட்டை, செங்கல்பட்டு, சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனை, மூன்றின் பொதுத் தகவல் அலுவலர்களுக்கும் தனித்தனியா அனுப்புங்க. அந்தச் சானடோரியம் 1928-லிருந்து மூச்சுத் திணறி வந்தவங்களைப் பார்த்த இடம், அதையும் விட்டுடாதீங்க. 30 நாளில் பதில் தரணும். இதைக் கேளுங்க:

தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை படுக்கை, எத்தனை வென்டிலேட்டர் இயங்குது? அந்தப் பிரிவுக்கென்றே அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, அதில் தொகுப்பூதியம் எத்தனை? கடந்த மாதம் ஒவ்வொரு இரவும் டியூட்டியில் இருந்த செவிலியர் எண்ணிக்கை என்ன? பிரிவின் முழுநேரப் பொறுப்பு மருத்துவர் எந்தத் துறை? ஆக்சிஜன் அழுத்தப் பதிவேட்டின் கடந்த மூன்று மாத நகல். ஜெனரேட்டரை முழுச் சுமையோடு கடைசியாகச் சோதித்த தேதி.

பதில் வந்ததும் போட்டோ எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழே கமெண்டில் போடுங்க, உங்க முகவரியை மட்டும் மறைச்சுட்டு. பதில் வரலேன்னா அதையும் போடுங்க, முதல் மேல்முறையீட்டு மனுவை நம்ம வழக்கறிஞர் அணித் தோழர்கள் எழுதித் தருவாங்க. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி தோழர்கள் செங்கல்பட்டை எடுத்துக்கோங்க. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் தோழர்களுக்குக் குரோம்பேட்டை. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் இருக்கிறவங்க சானடோரியம். முதல் தாளை இந்த வாரமே போட்டுடுங்க.

#ராத்திரி_2_மணிக்கு_யார்_பொறுப்பு